பத்துக் கூடமும் ஒரு கிடங்கும் ஒரே பேரொளியும்

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். இன்றைக்கு எத்தனை விழுக்காடு காற்று என்று அங்கே தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பார்கள்.

குடியிருப்பு பல கூடங்களாகப் பிரிந்திருந்தது; கூடத்துக்கு ஒரு கணினி காற்றோட்டத்தை இயக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் முகவரியும் முப்பத்திரண்டு இலக்கம். அதை யார் மனப்பாடம் செய்வது? ஆகவே பொறியாளர் மாதங்கி, ஏவலி என்ற மென்பொருளில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு மாற்றுப்பெயர் எழுதியிருந்தாள்: முல்லை, நொச்சி, வேம்பு. முல்லையை நிறுத்து என்றால் ஏவலி பட்டியலைப் பார்த்து அந்தக் கணினியை நிறுத்தும். ஏன் என்று கேட்காது.

தேர்தல் முடிந்தது. வென்ற தலைவருக்குப் பேரொளி என்று பட்டம். மன்ற உறுப்பினர் குணபாலன் வந்துவிட்டார்.

"எங்க கூடத்துக்கும் தலைவர் பேரை வச்சிரும்மா."

"ஏற்கெனவே ஒம்போது கூடத்துக்கும் ஒரு காலிக் கிடங்குக்கும் அதே பேரை வச்சாச்சு சார். ஒரே பேர்னா ஏவலி எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கும். பக்கத்துல நம்பராவது போடட்டுமா?"

"தலைவருக்கு நம்பரா? அவர் ஒருத்தர்தாம்மா."

மாதங்கி எழுதித் தொலைத்தாள். அவள் கணவன் அருள்மாறன் வேலை பார்ப்பதும் அந்தக் கூடத்தில்தான்.

தலைவர் வருகைக்காகக் கிடங்கைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது; தூசி பறக்காமலிருக்க அங்கே மட்டும் காற்றை நிறுத்த வேண்டும். குணபாலன் தன் இருக்கையிலிருந்தே ஏவலிக்குக் கட்டளையிட்டார்: பேரொளியை நிறுத்து.

பத்துக் கூடங்களில் காற்று நின்றது. உள்ளே நாலாயிரம் பேர். சுவரில் எண் இறங்குவதைப் பார்த்த மாதங்கி விசைப்பலகைக்கு ஓடினாள். மொத்தமாகத் தொடங்கினால் மின்சாரம் தாங்காது. ஒவ்வொன்றாகத்தான் தொடங்க வேண்டும்; ஆனால் தனியாகக் கூப்பிட எதற்கும் பெயர் இல்லை. முப்பத்திரண்டு இலக்கங்களை அடிக்க ஆரம்பித்தாள்.

காதுக் கருவியில் அருள்மாறன் குரல் கேட்டது. "மூச்சு முட்டுது மாதங்கி. நம்ம கூடம் எத்தனாவது?"

"கடைசிங்க. பேசாதீங்க."

முந்திக்கொள்ள விரல் துடித்தது. முந்தவில்லை. அழுதுகொண்டே வரிசைப்படி அடித்தாள். பத்தாவது கூடத்தில் காற்று வந்தபோது அருள்மாறன் மயங்கிக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். எல்லோருமே பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மாதங்கி பழைய பெயர்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது குணபாலன் ஒரு மனுவோடு வந்தார். பிழைத்தவர்கள் கொடுத்தது.

"பேரொளி என்ற பெயர் இருந்ததால்தான் எங்கள் உயிர் தப்பியது. மீதமுள்ள கூடங்களுக்கும் அதையே சூட்ட வேண்டும்."

மாதங்கி கையெழுத்துகளைப் பார்த்தாள். முதலில் போட்டிருந்தது அருள்மாறன்.