வெற்றுமதிப்பு வந்தால்

மின்தூக்கியின் கதவு வழக்கம்போல நான்கு நொடி கூடுதலாகத் திறந்து நின்றது, அந்தோணிசாமி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவருவதற்காக. அவர் இறந்து நாற்பது நாளாகிறது. அவர் மனைவி சகாயமேரி அந்த நான்கு நொடியும் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

நகரத்தில் எல்லார் மணிக்கட்டிலும் நலப்பட்டை இருந்தது. அது அனுப்பும் துடிப்பை 'உருமாற்றி' என்ற நிரல் ஒரே சொல்லாக்கி வீட்டாரின் திரைக்கு அனுப்பும்: நலம், சோர்வு, ஆபத்து. கதவும் மின்தூக்கியும்கூட அந்தச் சொல்லைக் கேட்டே நடந்தன. பட்டையிலிருந்து ஒன்றுமே வராவிட்டால் அது வெற்றுமதிப்பு. தொடக்கத்தில் அதற்கும் ஆபத்து மணி அடித்தது. குளிக்கப் பட்டையைக் கழற்றியவர்கள் வீட்டுக்கெல்லாம் மீட்புக்குழு ஓடியது, புகார் குவிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், அந்த நிரலைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த சகாயமேரி அதில் ஒரு வரி எழுதினாள்: வெற்றுமதிப்பு வந்தால், கடைசியாக வந்த சொல்லையே திரும்பக் கொடு.

அந்தோணிசாமி அன்று காலை பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். உள்ளேயே விழுந்தார். மாலை ஆறரைக்கு அவள் வீடு திரும்பியபோதும் திரையில் 'நலம்' என்றே இருந்தது; இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அன்று மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது ஒருமுறை பார்த்திருந்தாள்.

"அந்த வரிய எடுத்துடப் போறேன் வரதா."

அலுவலகத்தில் பக்கத்து மேசை வரதன் திரும்பினான். "மறுபடி ஊரே அலறும் மேரிக்கா. குளிக்கிறவன், பல் தேய்க்கிறவன் எல்லாத்துக்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு ஓடணுமா?"

"ஒரு மணி நேரம் பொறுத்து அடிக்கட்டும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்புறம் லிஃப்ட் நிக்காதுக்கா."

"தெரியும்."

வரியை மாற்றி நிரலை ஏற்றிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தாள். அவள் நுழைந்ததும் மின்தூக்கி மூடிக்கொண்டது. காலில் செருப்போடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. தெருவில் மீட்பு வண்டியின் சங்கொலி கேட்டது. பிறகு அடுத்த தெருவில். பிறகு எல்லாத் திசையிலும். திரையில் நகர வரைபடம் சிவந்துகொண்டே போனது; காலைவரை நலமாயிருந்த பன்னிரண்டாயிரம் வீடுகள். அவற்றில் எத்தனை பேர் பட்டையைச் சும்மா கழற்றி வைத்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது.

கதவு தட்டப்பட்டது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர், மூச்சிரைக்க.

"அந்தோணிசாமி வீடுதானம்மா? அவர்கிட்டேருந்து பதிலே இல்லன்னு வந்திருக்கு. எங்க இருக்காரு?"

சகாயமேரி வழிவிட்டு ஒதுங்கினாள்.

"குளிக்கப் போனார்," என்றாள்.