ரோலருக்கு வைத்த பொட்டு

தேயிலைக் கொழுந்தை உருட்டும் மூன்றாம் நம்பர் ரோலர் நான்கு நாளாக அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கேட்டது. பூரணிக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த ரோலருக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் அவளுடைய அப்பா நல்லமுத்து. "இவன் ஒழுங்கா எண்ணெய் ஊத்தல. பேர வெட்டிட வேண்டியதுதான்" என்று தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் சொல்லிவிட்டார். பேரை வெட்டினால் வேலை போகும். லயத்து வீடும் போகும்.

அன்று கொழும்பிலிருந்து இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவர் சொல்வதுதான் முடிவு.

பூரணி அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோனாள். பேராசிரியர் மயில்வாகனத்தின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரயில் கரி. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு மரக்குச்சியின் நுனியை ரோலரில் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்திருந்தார். டாக்டர் நெஞ்சைப் பார்ப்பாரே, அப்படி!

அவர் பை நிறையத் தேய்ந்துபோன இரும்பு வளையங்கள்.

"இது எதுக்குங்க ஐயா?" என்றார் அப்பா.

"எல்லாம் வருத்தம் வந்து படுத்த மெசினுகள் தந்தது. சேர்த்து வைக்கிறன்" என்று சிரித்தார் அவர்.

ரோலரை நிறுத்தச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நல்லாச் சுடுது. உள்ளை ஒரு சொட்டு எண்ணெயும் போகேல்லை."

"நான்தான் சொன்னேனே!" என்றார் டீமேக்கர்.

அப்பாவின் முகம் வெளுத்தது. "தினமும் ஊத்துறேங்க ஐயா. வெளிய வழியிற வரைக்கும் ஊத்துறேன்."

வெளியே வழிகிறதா? பூரணிக்குத் திக்கென்றது. போன வாரம் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்க அப்பா அவளை விட்டார். மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஆசையாசையாகப் பெரிய சந்தனப் பொட்டு வைத்தாள். அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. குழி நிறையச் சந்தனத்தை அப்பினாள்.

சொன்னால் எல்லாரும் திட்டுவார்கள். சொல்லாவிட்டால் அப்பா? அவளுக்கு அழுகை முட்டியது.

"ஐயா... நான்தான்! அந்த ஓட்டையில நான்தான் சந்தனம் வச்சேன்!"

"எங்கை பிள்ளை? காட்டு பாப்பம்."

எண்ணெயும் தேயிலைத் தூளும் படிந்து அந்த இடமே கறுத்திருந்தது. பூரணி தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினாள். காய்ந்த சந்தனம் கட்டியாக வந்து விழுந்தது.

பேராசிரியர் அதை முகர்ந்து பார்த்தார். "இருபத்திரண்டு வருசமா உராய்வைப் பற்றிப் படிப்பிக்கிறன். சந்தனம் பூசி நிண்ட மெசினை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

அந்தக் கட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு டீமேக்கரிடம் திரும்பினார். "இவர் எண்ணெய் ஊத்தினவர்தான். இவரிலை பிழையில்லை. அப்பிடியே எழுதித் தாறன்."

டீமேக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார். பேராசிரியர் குனிந்து பூரணியிடம் மெல்லச் சொன்னார்: "அது மெசினின்ரை வாய் பிள்ளை. வாயிலை ஆராவது பொட்டு வைப்பினமே?"

அழுதுகொண்டிருந்த பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓட்டையில் அப்பா ஊற்றிய எண்ணெய் உள்ளே இறங்கியதும் ரோலர் சத்தமில்லாமல் சுற்றியது. அப்பா அப்போதுதான் ரொட்டியைப் பிட்டார்.

அடுத்த ஆயுத பூஜையன்று, சந்தனக் கிண்ணத்தோடு ரோலரைச் சுற்றிச் சுற்றி வந்தாள் பூரணி.

"என்னத்தப் புள்ள தேடுற?" என்றார் அப்பா.

"வாய் எங்க இருக்குன்னு பாக்குறேம்பா."

கண்டுபிடித்தாள். அதற்கு ஒரு சாண் மேலே, நெற்றியில், அழகாகப் பொட்டு வைத்தாள்.