பாப்பாவுக்குப் பின்னால் ஒரு கட்டம்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள் பாப்பா, அப்புறம் அவன். அவனுடைய கணினித் திரையில் ஓடிய ஆள்பட்டியலிலும் அதே நாலு பேர்தான் இருந்திருக்க வேண்டும். பட்டியலின் அடியில் மொத்தம் ஐந்து என்று இருந்தது.

முதலில் அவன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும், மனிதன் ஒன்றிலிருந்து எண்ணுவான், புதிதாக நிரல் எழுதுகிறவன் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுவான். விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். நாலு பெயர்கள். பாப்பாவின் பெயருக்கு அடுத்ததாக, பெயரே இல்லாத ஒரு வரி.

இரவு வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆறு வருடம் எவனுடைய சர்வர்களையோ விடிய விடிய வெறித்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டான். அக்கா தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தாள். பதிலுக்கு ஒரே வேலை: பள்ளி விடுமுறை முடியும்வரை பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த உலகத்தில் யாரும் அவனை நம்பி ஒப்படைத்தது அவளை மட்டும்தான்.

மீதி நேரத்தில் கேம் எழுதக் கற்றுக்கொண்டான். மேலிருந்து பார்க்கிற மாதிரியான கேம்; கட்டம் கட்டமாகத் தரை, அதில் நடமாடும் குட்டி உருவங்கள். முதல் வரைபடத்துக்கு நன்றாகத் தெரிந்த இடத்தை எடுத்துக்கொள் என்று பாடத்தில் சொன்னார்கள். அவன் இந்த வீட்டை எடுத்துக்கொண்டான். முட்டி போட்டுத் தரையின் டைல்ஸை எண்ணினான். ஒரு டைலுக்கு ஒரு கட்டம். நாயகி பாப்பா. ஒவ்வொரு உருவத்தின் காலடியிலும் முட்டை வடிவில் ஒரு சின்ன நிழல் வைத்தான்.

ஐந்தாவது வரிக்கு உருவம் இல்லை. நிழல் மட்டும் இருந்தது. அது பாப்பாவுக்கு ஒரு கட்டம் பின்னால் நின்றது.

அழித்தான். மறுநாள் காலை திரும்ப இருந்தது. மறுபடி அழித்துக் கடவுச்சொல்லை மாற்றினான். மூன்றாம் நாளும் இருந்தது. அப்போதுதான் சந்தேகம் அத்தான் பக்கம் திரும்பியது.

"அத்தான், என் சிஸ்டத்துல கை வச்சீங்களா?"

அத்தான் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார். "வச்சா எனக்கு என்னடா கிடைக்கும், வேலையா? ஒரு மாசமா பாக்குறேன், நாலு பொம்மை வீட்டுக்குள்ளயே சுத்துது. நீ நடந்திருந்தா இந்நேரம் அடுத்த ஊருக்கே போயிருப்பே."

"ரெண்டு பேரும் காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் அக்கா. "டேய், முதல்ல தூங்குடா. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு."

அத்தான் சிரித்த சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. மேஜையின் மறுபுறம் பாப்பா நாற்காலியின் ஓரத்தில், பாதி இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பால் குடித்தாள்.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு அவன் அறைக்குள் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். வெயில் துணியில் பட்டு, அறை முழுக்கப் பழைய டீயின் நிறத்தில் ஒரு வெளிச்சம் ஊறி நின்றது. கணினியின் விசிறி இரைந்தது, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை மூக்கில் ஏறியது, ஹாலிலிருந்து பாப்பா தனக்குத்தானே எதையோ முணுமுணுத்துக்கொண்டு நடப்பது விட்டுவிட்டுக் கேட்டது. கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைத் தேடினான். எல்லாம் பகல் நேரங்கள். அத்தான் ஆபீசில் இருக்கிற நேரங்கள். இந்த அறையில், இந்த நாற்காலியில், அவன் உட்கார்ந்திருந்த நேரங்கள்.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

திரையில் பாப்பாவின் உருவம் நடந்தது.

ஹாலிலிருந்து நடைவழிக்கு, நடைவழியில் ஆறு கட்டம், அங்கிருந்து சமையலறைக்கு. நிழல் பின்னாலேயே போனது. அதே நேரம் கதவுக்கு வெளியே, நிஜ நடைவழியில், வெறுங்கால்களின் சத்தம். அங்கே ஒரு டைல் பெயர்ந்திருந்தது. மிதித்தால் டக்கென்று ஆடும்.

டக்.

பாப்பா தாண்டிப் போனாள். சமையலறையில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் தொடங்கியது.

டக்.

அவன் எழுந்து ஓடினான். பாப்பா டம்ளரோடு நின்றிருந்தாள். பின்னால் சுவர், குப்பைக்கூடை, வேறொன்றுமில்லை.

"பாப்பா, உன் பின்னால யாரும்மா?"

"தெரியாது. நீதானே மாமா விட்டே?"

"நான் எதை விட்டேன்?"

"வரிசையில ஒரு இடத்தை. முன்னால போறவங்க விட்டுட்டுப் போன கட்டத்துல பின்னால வர்றவங்க நிக்கணும்னு நீதானே சொன்னே."

அது நிஜம். பத்து நாளுக்கு முன்னால், கூட்டாளிகள் நாயகியைப் பின்தொடரும் பகுதியை எழுதிய அன்று, இவளை வைத்தே நடந்து காட்டிச் சோதித்திருந்தான். அன்றைக்கு நாயகிக்குப் பின்னால் யாரை வர வைப்பது என்று முடிவாகவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

"அது கேம்லடா கண்ணு."

"இங்கயும்தான்."

"திரும்பிப் பார்த்தியா?"

அவள் கழுத்து அசையவில்லை. "திரும்பினா அவர் நிக்கிற கட்டத்துல நான் ஏறணும். அப்ப அவர் எங்க போவாரு?"

திரும்பாமலே, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி டம்ளரை மேடையில் வைத்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: குழந்தை விளையாடவில்லை. பத்து நாளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளை ஹாலில் உட்காரவைத்துவிட்டு வந்தான். அழித்துப் பயனில்லை, அது தெரிந்துவிட்டது. அழித்தால் வரும். ஆனால் அது யாரைப் பின்தொடர வேண்டும் என்பது அவன் எழுதியது, அதை அவனால் மாற்ற முடியும். வரிசையின் தலையில் தன் பெயரை எழுதினான். ஒரே ஒரு சொல். விரல் வியர்த்து இரண்டு முறை தப்பாக விழுந்தது. சேமித்து ஓடவிட்டான்.

நிழல் பாப்பாவிடமிருந்து நகர்ந்தது. ஹாலைக் கடந்தது. நடைவழி. அறை வாசல். மேஜை முன் உட்கார்ந்திருந்த அவனுடைய உருவத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

விசிறி இரைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த இரைச்சல் இப்போது முன்னாலிருந்து மட்டும் வந்தது. பின்பக்கம் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பின்கழுத்து ஈரமாக, குளிர்ந்து.

வரைபடம் வாசலோடு முடிகிறது. வாசலுக்கு வெளியே அவன் ஒரு கட்டம்கூட வரையவில்லை. கட்டம் இல்லாத இடத்தில் எதுவும் நிற்க முடியாது. கேமின் விதி அது. இதை வாசலுக்கு வெளியே கூட்டிப் போய்விட்டால் போதும்.

எழுந்தான். திரும்பாமல் நடந்தான்.

"பாப்பா, இங்கயே உட்காரு. மாமா கீழ போயிட்டு வந்துடறேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

வாசல் கதவைத் திறந்தான். வெளியே மாடிப்படி. சிமெண்டும் பினாயிலும் கலந்த வாசனை. பகல்தான், நல்ல பகல். கீழே எங்கோ ஒரு வண்டி கிளம்பியது.

முதல் படி. இரண்டாம் படி.

பின்னால் ஓர் அடி. செருப்பில்லாத, கனமான அடி.

நிற்கவில்லை, கரையவில்லை. வருகிறது.

சரி. என்னோடுதானே வருகிறது. வரட்டும். தெருவரைக்கும் வரட்டும், ஊரைத் தாண்டியும் வரட்டும். அவளை விட்டுவிட்டது, அது போதும்.

ஐந்தாம் படி. ஆறாம் படி.

அந்தக் கனமான அடிக்குப் பின்னால் இன்னோர் அடி. சின்னது.

"மாமா, மெதுவா போ."

அவன் நின்றான். பின்னால் இரண்டு சத்தங்களும் நின்றன.

தன் பெயரைத் தலையில் சேர்த்தான். அவள் பெயரை எடுக்கவில்லை. முதலில் அவன். அடுத்தது அது. அதற்கு அடுத்து, அது விட்டுப்போன கட்டத்தில், அவள்.

மாற்ற ஒரு நிமிஷம் போதும். கணினி மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மேலே போக வேண்டுமென்றால் திரும்ப வேண்டும்.

படி வளைகிற இடத்தில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் பார்த்தான். அவன். அவனுக்கு மேலே ஒரு படி காலி. அதற்கும் மேலே பாப்பா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தன்னைவிட உயரமான யாரோ ஒருவருடைய விரல்களைப் பிடித்திருக்கிற மாதிரி. அவள் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே.

"பாப்பா! கதவைப் பிடி! மூட விடாதே!"

"கை காலியா இல்ல மாமா."

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.