கேபினுக்குப் பின்னால்

முதலில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மூன்றாவது.

இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிற எந்தச் சத்தத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இருபத்திரண்டு வருடமாக டீசல் வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவளுக்குத் தேய்ந்த பேரிங்கின் முனகலும் தளர்ந்த பெல்ட்டின் கீச்சலும் தூக்கத்தில்கூட அத்துப்படி. டிரைவர்கள் அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவது கிண்டலாகத் தொடங்கி மரியாதையாக மாறியது அந்தக் காதுகளால்தான். ஆனால் தம்பியின் இந்தப் பழைய பிக்கப்பிலிருந்து வந்த சத்தம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறுமலில் அமுங்கிவிடும். காலை எடுத்தால், காத்திருந்ததுபோல மறுபடி ஆரம்பிக்கும்.

டொக் டொக். டொக்.

"மூணாவது தடவைக்கா," என்றான் தம்பி, பாதி இறக்கிய ஷட்டருக்கு அருகில் நின்றபடி. "ரெண்டு தடவையும் சரியாயிடுச்சுன்னுதான் அனுப்பினே. முடியலைன்னா சொல்லிடு. வேற ஷெட்ல காட்டிக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"வாயை மூடிக்கிட்டு நில்லு. வண்டியைத் தொடக்கூட மாட்டேங்கிற, பேச்சு மட்டும் வக்கணையா வருது."

அது உண்மைதான். வண்டியைக் கொண்டுவந்து விட்டுப்போனது அவன் தெருவிலிருக்கும் வேறொரு டிரைவர். இவன் மழையில் நனைந்துகொண்டே பின்னால் நடந்து வந்தான். ஏன் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினான்.

வார விடுமுறை என்பதால் ஷெட்டில் வேறு யாரும் இல்லை. மத்தியானம்தான், ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டியதில் உள்ளே வெளிச்சம் கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பேனர்கள் இன்ஜினின் அதிர்வுக்கு மெல்லக் கிணுகிணுத்தன. டீசல் வாடையும் ஈர ரப்பர் வாடையும் தொண்டையில் ஒட்டின. அவற்றுக்கு அடியில் துருவா, வேறெதாவதா என்று சொல்ல முடியாத புளித்த வீச்சம் ஒன்று.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். சத்தம் இருந்தது. இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். இன்ஜின் தடுமாறியது, சத்தம் தடுமாறவில்லை. கிளட்சை மிதித்துப் பிடித்தாள். இன்ஜின் தாங்கிகளைக் கடப்பாரையால் நெம்பினாள். சைலன்சர் குழாயைக் கையுறையோடு இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு அவளைச் சீண்டுவதுபோல அதே நிதானத்தில் வந்தது. கோபம் தலைக்கேறியது. வண்டிமேல், தம்பிமேல், தன்னுடைய காதுகள்மேலேயே. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தாள்.

பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதன் முனையை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால், உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். இன்ஜினில் ஊன்றினாள். சுத்தம். கியர் பெட்டியிலும் சுத்தம். வண்டியின் அடிச்சட்டத்தில் லேசாகக் கேட்டது. பின்பக்கமாக நகர நகரச் சத்தம் கூடியது. கடைசியில் காலியான சரக்குத் தொட்டியில் ஏறி, கேபினின் பின்சுவரில் ஊன்றினாள்.

டொக் டொக். டொக்.

காதுக்குள்ளேயே தட்டியது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இன்னொன்றும் கேட்டது. நகத்தால் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம். அப்புறம் மூச்சு. பாதி இழுத்து, மீதியை இழுக்க முடியாமல் நிற்கிற மூச்சு.

ஸ்க்ரூ டிரைவர் கை நழுவி விழுந்தது. கீழே குதித்தாள். பயந்துவிட்டோம் என்பதே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"பின்னாடி யாருடா?"

"யாருமில்லக்கா."

"தட்டுறது யாருன்னு கேக்கறேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு முன்பு செத்துப்போன லோடுமேன் அவள் நினைவுக்கு வந்தார். ஏழு வருடம் இவனோடு சரக்கு ஏற்றி இறக்கியவர். எப்போதும் தொட்டியில் சரக்கோடு உட்கார்ந்து வருவார். நெஞ்சுவலி என்றுதான் தம்பி எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"கம்பி லோடுக்கா," என்றான். குரல் உடைந்தது. "வளைவுல சரிஞ்சு அவர்மேல விழுந்திருக்கு. எனக்குத் தெரியாது. அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள வாய்ச்சண்டை. தட்டினாரு. சண்டையை வளர்க்கத்தான் நிறுத்தச் சொல்றாருன்னு நெனைச்சு... பாட்டை சத்தமா வச்சுக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம் தட்டினாரு?"

அவன் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எவ்வளவு நேரம்டா?"

"பாலத்துலேர்ந்து குடோன் வரைக்கும்."

அந்தத் தூரம் அவளுக்குத் தெரியும். சரக்கோடு முக்கால் மணி நேரம்.

"அப்புறம்?"

"கம்பியெல்லாம் எடுத்துப் போட்டுட்டுதான் ஆளுங்களைக் கூப்பிட்டேன்."

அந்த வீட்டுக்கு அவளும் போயிருந்தாள். லோடுமேனின் மனைவி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்க தம்பிதாங்க கூட இருந்தாரு, அந்தப் புண்ணியம் போதும்," என்று அழுதாள். அந்தக் கைகளின் சூடு இப்போது தன் உள்ளங்கையில் எரிவதுபோல இருந்தது அவளுக்கு.

அவன் சட்டைக் காலரைப் பற்றினாள். டயர்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். அவன் திமிறியது அவளுக்கு உறைக்கவேயில்லை.

"ஏறு. உள்ள போய் உட்காரு. நான் எதுக்குடா கேக்கணும்? நீ கேளு!"

"வேணாம்க்கா. அக்கா, வேணாம்க்கா!"

உள்ளே தள்ளினாள். கதவை அறைந்து சாத்தினாள்.

சத்தம் நின்றது.

இன்ஜின் மட்டும் ஓடியது. தட்டில்லை, உதறலில்லை. புது வண்டிபோல. ஒரு நொடி அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அப்போது பின்பக்கம் ஏதோ முனகியது. வில்பட்டைகள். பாரம் ஏறும்போது மட்டும் முனகுகிற ஸ்பிரிங் பட்டைகள். திரும்பிப் பார்த்தாள். தொட்டி காலி. ஆனால் வண்டியின் பின்பகுதி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல். இரண்டு விரல். ஒரு சாண். டயர்களின் அடிப்பக்கம் பிதுங்கியது.

தம்பி இருக்கையோடு ஒட்டிக் கிடந்தான். அவன் சட்டை நெஞ்சோடு அப்பியிருந்தது. அதன்மேல் நீளநீளமாகக் குழிகள் விழுந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று. கம்பி கம்பியாக.

கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபக்கம் ஓடினாள். அதுவும் வரவில்லை. பானெட்டுக்குள் கையை விட்டு டீசல் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். டீசல் தரையில் பீய்ச்சியது.

இன்ஜின் நிற்கவில்லை.

ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். "விட்டுடு! அவனை விட்டுடு!" யாரிடம் கத்துகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. ஒரு கை மட்டும் எப்படியோ விடுபட்டு, கண்ணாடியைத் தேடி வந்தது.

டொக் டொக்.

டொக்.

அவன் தலைக்குப் பின்னால், பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், வெள்ளையாக ஒரு வட்டம் பனித்தது. சுருங்கியது. மறுபடி பனித்தது.

யாரோ முகத்தை ஒட்டி வைத்து, அவசரமே இல்லாமல், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.