பாதி வழியில் அவிழ்த்த காசு

அந்தத் தோல் கிடங்கில் நாற்றம் இல்லை.

மக்பூல் அகமது முதலில் அதைக் கவனிக்கவில்லை. பேரணாம்பட்டில் பிறந்து தோல் வாடையிலேயே வளர்ந்தவனுக்கு அது மூக்கில் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன. வாசலைத் தாண்டி, சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. மேலே மூங்கில் கழிகளில் ஆளுயரத்துக்கு ஈரத் தோல்கள் வரிசை வரிசையாகத் தொங்கி, நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டிருந்தன. மூலையில் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. இத்தனை இருந்தும் காற்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல வெறுமையாக இருந்தது. ஈ கூட இல்லை.

அவன் பினாங்குக்குப் போகிறவன். கடல் கடந்து போகும் பயணத்தின் முதல் நாள் இது. துணைக்கு ஆள் இல்லை. அங்கே தூரத்து உறவுக்காரர் ஒருவரின் தோல் கடையில் வேலை காத்திருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்தான். இரண்டு வருடத்துக்குள் உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்று மனைவி தில்ஷாதுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தான். நாளை மதியம் சென்னைத் துறைமுகத்தில் கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் மலிவான டிக்கெட் சட்டைப் பைக்குள் இருந்தது. சாயங்கால ரயிலைத் தவறவிட்டால் கப்பல் போச்சு, டிக்கெட் போச்சு, வேலையும் போச்சு.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று மாமனார் வீட்டில் அவனுக்குப் பெயர். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று அவன் சொல்லிக்கொள்வான். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. ஆம்பூர் ஸ்டேஷன் வரை குதிரை வண்டி வைத்துக்கொள்ள மனம் வராமல், பட்டை ஏற்றிவந்த சின்னசாமியின் மாட்டு வண்டியில் ஓசியில் தொற்றிக்கொண்டு வந்தான். பாலாற்றின் இந்தக் கரையிலேயே சின்னசாமி வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

"ரோட்டோட போங்க பாய். கொஞ்சம் சுத்துதான். ஆனா ஆளுங்க இருப்பாங்க" என்றான் சின்னசாமி.

"இந்தக் கெடங்குல பூந்து போனா நேரா ஆத்து மணல்தானே? மணலைத் தாண்டுனா டேசன்."

"அது வழிதான். அதுல யாரும் போய் நான் பாத்ததில்ல." மாட்டைத் தட்டினான்.

இப்போது அந்த வழியில்தான் மக்பூல் நின்றுகொண்டிருந்தான், தோளில் படுக்கை, கையில் தகரப் பெட்டி. வெயில் சாய்ந்து, தொங்கும் தோல்களின் நிழல்கள் தொட்டிகளின் மேல் நீளமாக விழுந்திருந்தன. எதிர்ச் சுவரில் சின்ன வாசல். அதற்கப்பால் வெள்ளை மணல், மணலுக்கு அந்தப் பக்கம் ரயில்வே சிக்னல் கம்பம் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். ஆனால் ஒரு கிடங்கில் இருக்க வேண்டிய சத்தம் எதுவும் காதில் விழவில்லை. தோல் மழிக்கும் கத்தியின் கரகரப்பு இல்லை, மேஸ்திரியின் வசவு இல்லை. நீர் சொட்டும் சத்தம் மட்டும். அதுவும் அவன் நடந்தால் சொட்டியது, அவன் நின்றால் நின்றது.

அவனுக்குப் பயமாக இருந்தது. வாய்க்குள்ளேயே பிஸ்மி சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டான்.

இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஓராள் மட்டும் நடக்கக்கூடிய வரப்பில், வாசலை மறைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். சாக்குத் துணியைப் போர்த்தியிருந்தான். முகம் இருந்தது, ஆனால் அதிலிருந்து கண்ணை எடுத்த மறுகணமே அது எப்படி இருந்தது என்று நினைவில் நிற்கவில்லை.

"தர்மம் பண்ணுங்க பாய்."

"சில்லறை இல்லப்பா. வழி விடு, ரயிலுக்கு நேரமாச்சு."

"வெறுங்கையா யாரையும் தாண்ட விடறதில்ல."

காசு இடுப்புப் பையில் இருந்தது. ஆள் அரவமற்ற இடத்தில், முன்பின் தெரியாதவன் முன்னால் அதை எப்படி அவிழ்ப்பது. அப்போதுதான் உட்கார்ந்திருந்தவனின் பார்வை மக்பூலின் வலது புஜத்தில் நின்றது. அங்கே பச்சைத் துணியில் முடிந்த வெள்ளிக் காசு ஒன்று இருந்தது. இமாம் ஜாமின் என்பார்கள். பயணம் புறப்படுகிறவனுக்கு வீட்டில் கட்டிவிடுவது. போய்ச் சேருமிடத்தில் பத்திரமாக இறங்கியதும் அவிழ்த்து ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். விடிகாலையில் தில்ஷாத் அதைக் கட்டும்போது அழுதுகொண்டே இருந்தாள். "பினாங்குல கால் வச்ச பின்னாடிதான் இத அவுக்கணும். நடுவுல அவுத்தா பயணம் அங்கியே முடிஞ்சிடும்னு எங்கம்மா சொல்வாங்க. மறந்துடாதீங்க" என்றாள். மறக்கமாட்டேன் என்று அவளுடைய நெற்றியைத் தொட்டுச் சொன்னான்.

மறக்கவும் இல்லை. கணக்குத்தான் போட்டான். பினாங்கில் கொடுத்தாலும் ஏழைக்கு, இங்கே கொடுத்தாலும் ஏழைக்கு. இங்கே வேறு காசு, அங்கே இந்தக் காசு என்று இரண்டு தடவை எதற்குச் செலவு? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தில்ஷாதுக்குத் தெரியவா போகிறது? பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தான்.

"இந்தா. அல்லா பேர்ல வச்சிக்கோ."

அவன் கையை நீட்டவில்லை. "எறங்கற எடத்துல குடுக்கறதுதானே இது? எறங்கிட்டேன்னு சொல்லிக் குடுங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயிலின் ஊதல் கேட்டது. மக்பூலைப் பதற்றம் தொற்றிக்கொண்டது.

"சரி, எறங்கிட்டேன். வழிய விடு."

அவன் வாங்கிக்கொண்டான். காசைப் பிரித்துப் பார்க்கவில்லை. துணியோடு தன் வலது புஜத்தில் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினான். பிறகு எழுந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

அந்த நொடியில் நாற்றம் வந்தது. பச்சைத் தோலின் நாற்றம், உப்பும் சுண்ணாம்பும் அழுகலும் கலந்து. தொட்டியிலிருந்து வரவில்லை. மக்பூல் முகர்ந்து பார்த்தான். தன் சட்டைக் கையிலிருந்து வந்தது. சட்டைக்குள்ளிருந்து வந்தது.

ஓடினான். படுக்கை விழுந்தது, பெட்டி விழுந்தது. வாசல். மணல். சிக்னல் கம்பத்தின் கை இறங்குவதைப் பார்த்தான். வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்தான்.

காலுக்குக் கீழே ஈரம். சுண்ணாம்புத் தொட்டியின் வரப்பு.

வாசல் மறுபடியும் எதிரே இருந்தது. மறுபடியும் ஓடினான். மறுபடியும் வரப்பு. ரயில் வந்து நின்றது, புகை தெரிந்தது, பிளாட்பாரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டது கூடக் கேட்டது. பிறகு ரயில் போய்விட்டது.

நீர் சொட்டவில்லை. அவன் குனிந்தான். ஏன் குனிந்தான் என்று அவனுக்கே தெரியாது.

தொங்கும் தோல்களின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே கால்கள் தெரிந்தன. ஒவ்வொரு தோலுக்குப் பின்னாலும் இரண்டு பாதங்கள். அசையாமல். எல்லாம் அவன் பக்கம் திரும்பி.

"வந்துட்டியா" என்றது ஒரு தோல்.

"வந்துட்டான்" என்றது இன்னொன்று. அதில் கோபம் இல்லை. பந்தியில் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறவர்களின் குரல்.

கைகள் வந்தன. வெளுத்த கைகள். ஒவ்வொரு வலது புஜத்திலும் துணி கட்டியிருந்த தடம் மட்டும் வளையமாக. அவை அவனை அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

அப்போது ரோட்டுப் பக்கம் மாட்டுச் சலங்கை கேட்டது. இடிந்த சுவருக்கு மேலே சின்னசாமியின் வண்டி, சுமையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மக்பூல் கத்தினான். தொண்டை கத்தியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவன் ரோட்டுக்கு ஏறினான். மக்பூலின் சட்டை. மக்பூலின் நடை. புஜத்தில் பச்சைத் துணி.

"இன்னா பாய், ரயிலுக்குப் போவலியா?"

"மனசு வர்ல சின்னசாமி. வீட்டுக்கே போய்டலாம்." மக்பூலின் குரல்.

சின்னசாமி சிரித்தான். "நல்லதாப் போச்சு. காலைல அந்தப் பொண்ணு அழுதத நானுந்தானே பாத்தேன். ஏறுங்க."

"அவ தனியா இருப்பா. கொஞ்சம் வேகமா ஓட்டு."

தில்ஷாத், கதவைத் திறக்காதே. அவ்வளவுதான் மக்பூல் சொல்ல நினைத்தது. கதவைத் திறக்காதே. உதடுகள் அசைந்தன. கைகள் அவனைப் பின்னால் இழுத்தன, மெதுவாக, தோல்களுக்கு நடுவே.

வண்டி நகர்ந்தது. ஏறியவன் பின்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு, கிடங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு கட்டைவிரல்களையும் காதுகளுக்குக் கீழே கொடுத்து, மக்பூலின் முகத்தை மெல்ல மேலே இழுத்துவிட்டான். கன்னத்தில் விழுந்த மடிப்பை நீவினான். தாடையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தான். புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குகிறவன் போல, அவசரமில்லாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதையே செய்துகொண்டு போனான்.