மரியாதை தெரிந்த கதவு

ஐந்தாம் வகுப்பு சர்க்கரைக் கட்டிகளால் கட்டிய கோட்டையில், திங்கட்கிழமை ஒரு கோபுரம் காணாமல் போனது. செவ்வாய்க்கிழமை மதில் சுவரும் போயிற்று.

கோட்டை இருந்த கண்காட்சி அறைக்குச் சாதாரணக் கதவா என்ன? விரல் ரேகை பார்த்துத் திறக்கும் கணினிக் கதவு. அதை மாட்டியவர் தன்னைப் 'பாதுகாப்பு நிபுணர்' என்று சொல்லிக்கொள்வார். சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருப்பார், ஒன்றுகூட எழுதாது.

"என் கதவை ஏமாத்த முடியாதும்மா. சாவி வெச்சிருக்கிற ஆள்தான் உள்ள போயிருக்கணும்" என்றார், தலைமையாசிரியையிடம்.

அவசரச் சாவி இருந்தது காவலாளியிடம் மட்டும்தான். போதாக்குறைக்கு அவர் தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுபவர். வேறென்ன சாட்சி வேண்டும்? சாயங்காலத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

கோட்டை கட்டியவர்களில் ஒரு சிறுமி, அம்மா கொடுக்கும் பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அதனால் அவள் பெயர் 'சிஐடி'. முதலில் அவள் காவலாளியைத்தான் சந்தேகப்பட்டாள். அவர் பையை எட்டிப் பார்த்தாள். காலிச் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. பிறகு அவள் சந்தேகம் கதவின் மேல் திரும்பியது.

விரல் வைக்கும் கண்ணாடியில் எறும்புகள் வரிசையாக ஊர்ந்தன. தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது.

"அங்கிள், ஆள் யாருன்னு தெரியலேன்னா உங்க கதவு என்ன பண்ணும்?"

அதெல்லாம் உனக்குப் புரியாது என்றார், தலைமையாசிரியையோடு நின்ற நிபுணர்.

சிஐடி தன் டிபன் டப்பாவில் ஒட்டியிருந்த ஜாமை விரலில் தடவிக் கண்ணாடியில் வைத்தாள். 'யாரென்று தெரியவில்லை' என்றது கதவு. இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை, 'வாருங்கள்' என்று சொல்லித் தானே திறந்துகொண்டது.

தலைமையாசிரியை நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கூரையைப் பார்த்தார்.

பிறகு மென்று விழுங்கி உண்மையைச் சொன்னார். திறப்பு விழாவன்று தலைமையாசிரியையின் விரலில் சாக்பீஸ் தூள். கதவுக்கு அடையாளம் தெரியவில்லை. விருந்தாளிகள் முன்னால் அவர் முறைத்த முறைப்பில், மூன்று தடவை தெரியாவிட்டால் திறந்துவிடு என்று அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டாராம்.

"தெரியாதவங்கள வெளிய நிக்க வெக்கத்தானே அங்கிள் கதவு?"

வராந்தாவில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பொடியர்கள் நான்கு பேர், விரல் சூப்புவதை அவசரமாக நிறுத்தினார்கள். சிஐடி பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துகொண்டாள். இடைவேளையில் மதில் கட்ட வந்துவிடும்படி அவர்கள் காதோடு மட்டும் சொன்னாள்.

தலைமையாசிரியை காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். நிபுணர் அறைக்குள் உட்கார்ந்து, தெரியாவிட்டால் திறக்காதே என்று கதவுக்குக் கட்டளையை மாற்றினார்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட மட்டும் விரல் கேக்கக் கூடாது அங்கிள். கைப்பிடியைத் திருப்பினா வெளிய வர்ற மாதிரி வைங்க."

"எனக்கே பாடமா?" என்று அவர் கதவைச் சாத்தினார்.

வேலை முடிந்ததும் உள்ளேயிருந்து வியர்த்த விரலை வைத்தார். யாரென்று தெரியவில்லை என்றது கதவு. பத்து முறையும் அதையே சொன்னது.

வெளியே காவலாளி மூன்றாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டு நிதானமாகக் கலக்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகுதான் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.