புட்டிப்பால் குறையவில்லை

ஹெர்டினா ஜோர்லாங்குக்குத் தர வேண்டியது நாற்பத்திரண்டு டாலர். வெளித்தீவுக்குப் போகிற படகுக்கூலி. இரண்டு இருபது, இரண்டு ஒன்று. இருபதில் ஒன்று ஓரம் கிழிந்து, கொப்பரை மூட்டைக்குச் சுற்றுகிற நீல நாடாவால் ஒட்டியது. துறையில் வைத்து அதை அவள் கையில் திணித்தபோது, "கெமெம் அன்னைக்குத் திருப்பித் தந்துடறேன் சித்தப்பா. அன்னைக்குத்தான் புள்ளையத் தூக்கிட்டு வருவாங்கல்ல," என்றாள்.

கெமெம் என்றால் பிள்ளைக்கு முதல் வயது நிறைகிற விருந்து. மஜுரோ தீவில் கல்யாணத்துக்கு வராதவன்கூட அதற்கு வந்துவிடுவான். ஜோர்லாங் தலையை ஆட்டினான். வருவார்கள் என்று வாயால் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அது வியாழக்கிழமை. இன்று செவ்வாய். வாடகை வீட்டு வாசலில் அவன் காரை நிறுத்தும்போதே மார்லா பால்புட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"ஜோர்லாங், இதைக் கொஞ்சம் பாருங்களேன். காலையில கலக்கி வச்சது. ஒரு சொட்டுக்கூடக் குறையல."

"வயித்து வலியா இருக்கும்."

"வலின்னா அழணும்ல? இவன் சிரிக்கிறான். வெள்ளிக்கிழமையிலேர்ந்து இப்படித்தான். எடை கூடியிருக்கு!"

அவள் புருஷன் வெஸ்லி உள்ளேயிருந்து கத்தினான்: "காத்தைக் குடிச்சே வளர்றான் பாருங்க என் மகன்! செலவு மிச்சம்."

இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்து ஆறு வாரமாகிறது. நல்லவர்கள். நாளை நீதிமன்றத்தில் தத்து உத்தரவு கிடைத்ததும், மறுநாள் விமானத்தில் நான்கு மாதப் பிள்ளையோடு போய்விடுவார்கள். ஏதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹெர்டினா வைத்த பெயர் கிலோன். ஜோர்லாங்கின் செத்துப்போன அண்ணன் பெயர், அதாவது அவளுடைய அப்பா பெயர்.

ஜோர்லாங் தொட்டிலில் குனிந்தான். பிள்ளையின் வயிறு பலாக்காய்போல் உருண்டு விண்ணென்று இருந்தது. வாயை முகர்ந்தான். மாவுப்பால் வாடை இல்லை. தாய்ப்பால் வாடை, அதற்கு அடியில் வேறொன்று, கடல் வற்றி இறங்கினபிறகு பவளப்பாறை இடுக்கில் தேங்கி நிற்கிற தண்ணீரின் வாடை. தொட்டிலுக்குக் கீழே பாய் ஈரமாக இருந்தது.

அடிப்பாவி, படகு ஏறவே இல்லையா, என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. யாரோ சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்துகொண்டு, ஆள் அசந்த நேரம் பின்வாசல் வழியாக வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இந்தத் தீவுகளில் அது திருட்டு இல்லை. ஜோர்லாங்கே அத்தை வீட்டுக்குக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவன்தான். இரண்டு வீட்டிலும் அவனுக்குத் தட்டு இருந்தது. பெற்றவள் நினைத்தபோது வருவாள், மடியில் போட்டுக்கொள்வாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஹெர்டினாவும் அந்த நினைப்பில்தான் கையெழுத்துப் போட்டாள். கடல் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான் என்று. ஆனால் காகிதத்தில் அப்படி இல்லை. ஜோர்லாங் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன், விரல் வைத்து மெதுவாகத்தான் படிப்பான். அந்த வரியையும் விரல் வைத்துத்தான் படித்திருந்தான். தாய்க்கு இனி எந்த உரிமையும் இல்லை. எப்போதும். அவளுக்கு அதை அவன் படித்துக் காட்டவில்லை.

ஜோர்லாங்குக்கு வண்டியோட்டுகிற வேலை கொடுத்த தத்துத் தரகன் டெல்மன்தான் அவளை முன்கூட்டியே படகேற்றச் சொன்னான். "கோர்ட்டுல வந்து நின்னு, கெமெமுக்கு எப்ப வருவீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. நீ அவ சித்தப்பன். நீ வந்து சொன்னா போதும்." அன்று காற்று சரியில்லை என்று ஜோர்லாங் இழுத்தான். டெல்மன் சிரித்தான். "பெரியவரே, இருபது வருஷம் மூட்டை தூக்குன முதுகு இப்பத்தான் கார் சீட்டுல சாஞ்சிருக்கு. மறுபடி கிட்டங்கிக்குப் போக ஆசையா?"

ஆசை இல்லை. அதுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் மார்லாவும் வெஸ்லியும் சாப்பிட வெளியே போனார்கள். பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஜோர்லாங் முன்வாசல் படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வந்தால் வரட்டும், நான் பார்க்கவில்லை என்று இருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெருங்கடல் பாறையில் அறைந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்னால் பவள வளையத்துக்குள் இருக்கிற உள்கடலில் நீரேற்றம் சத்தமில்லாமல் சரளையை நனைத்து மேலேறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கானாங்கெளுத்தி டின்னைத் திறந்து வெங்காயத்தோடு வதக்குகிற வாடை வந்தது. பிறகு அந்த வாடை நின்றது. பவளச் சரளையில் ஈரத்துணி இழுபடுகிற சத்தம். ஒரு எட்டு. நின்று, இன்னொரு எட்டு. பின்கதவு கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை சப்புகிற சத்தம் கேட்டது, ஆவலாக, மூச்சுமுட்ட.

"ஹெர்டினா," என்றான் திரும்பாமல். "போகலையாம்மா நீ?"

சப்புகிற சத்தம் மட்டும்.

"அவங்க வர்றதுக்குள்ள போயிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சத்தம் நின்றது. நனைந்த கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோல், அவன் முதுகுக்கு நேர் பின்னே, பலகைத் தரையில், சொட்டு, சொட்டு என்று விழுந்தது. அவன் திரும்பவில்லை. வெட்கத்தால்தான் திரும்பவில்லை, அப்போது பயம் வரவில்லை.

பயம் மறுநாள் காலையில் வந்தது. நீதிமன்றம் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினான். மார்லாவும் வெஸ்லியும் பின்சீட்டில் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் அவன் காதோரம் குனிந்தான்.

"கேள்விப்பட்டியாண்ணே? வியாழக்கிழமை போன படகு. நேத்து ராத்திரிதான் ரேடியோவுல பேசினாங்க. அன்னைக்குச் சாயங்காலமே வெளித்தீவுப் பாறை வாயில கவுந்துடுச்சாம். ரெண்டு பேரு நீந்திக் கரையேறியிருக்காங்க. ரெண்டும் ஆம்பளைங்க."

"பொம்பளை யாராச்சும்..."

"ஒரு பொண்ணு ஏறுச்சாம். கடைசிவரைக்கும் மஜுரோ பக்கமாவே நீந்துச்சாம்ண்ணே. தீவு பக்கத்துல இருந்தும் இந்தப் பக்கமா. புத்தி கெட்டவ."

வியாழன் சாயங்காலம். வெள்ளிக்கிழமையிலிருந்து புட்டிப்பால் குறையவில்லை.

ஜோர்லாங் வண்டியை ஓட்டினான். கை தானாக ஓட்டியது.

நீதிமன்ற அறையில் மின்விசிறி சுற்றியது. டெல்மன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை மார்லாவின் தோளில் படுத்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு வாயைக் குவித்துச் சப்புக்கொட்டியது. நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க தாய்க்குச் சித்தப்பா. சொல்லுங்க. இந்தப் புள்ள இனி திரும்பி வராதுன்னு தாய்க்குத் தெரியுமா? கெமெமுக்கும் வராது, எதுக்கும் வராது. தெரிஞ்சுதான் கொடுத்தாங்களா?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். வழக்கு நிற்கும். பிள்ளை இங்கேயே இருக்கும். யாராவது அத்தை வளர்ப்பாள். பெற்றவள் நினைத்தபோது வருவாள். வரட்டுமே. எப்படி வந்தாலும்.

டெல்மன் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினான். ஜோர்லாங்கின் முதுகெலும்பில், மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன இடம் வலித்தது.

"தெரியும்," என்றான்.

கதவுக்குக் கீழே இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல் இருந்தது, கால்போல. அவன் சொல்லி முடித்ததும் அது விலகிப்போனது.

நீதிபதி கையெழுத்துப் போட்டார். மார்லா அழுதாள். அவனைக் கட்டிப்பிடித்து, "உங்களுக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்," என்றாள். அவள் தோள் வழியாகப் பிள்ளை அவனைப் பார்த்தது. முதல்முறையாகச் சிரிக்காமல் பார்த்தது.

சாயங்காலம் பெட்டி கட்ட உதவிக்குப் போனான். அந்த மாதத்தின் பெரிய நீரேற்றம் அன்று. உள்கடல் பின்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. வெஸ்லி பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தான்.

"இவன் குண்டனாயிட்டான், பெட்டியும் குண்டாயிடுச்சு," என்று சிரித்தான். "மெதுவா. தூங்கறான்."

"எவ்வளவு நேரமா?"

"அரைமணி இருக்கும். சத்தமே இல்ல."

சத்தமே இல்லை. ஜோர்லாங் உள்ளறைக் கதவில் கையை வைத்தான். மரம் சில்லென்று ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் சப்புகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தான். கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் எதையும் அப்படி வேண்டியதில்லை.

கேட்கவில்லை.

திறந்தான்.

பின்கதவு விரியத் திறந்திருந்தது. கடல் வாடை. தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இல்லை. பிள்ளை படுத்திருந்த குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீரில் நான்கு நோட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக, கடையில் எண்ணிக் கொடுப்பதுபோல் வரிசையாக. இரண்டு இருபது. இரண்டு ஒன்று.

நீல நாடா ஒட்டிய இருபது மேலே இருந்தது.

"ஜோர்லாங்?" மார்லாவின் குரல், பின்னாலிருந்து. "முழிச்சுட்டானா?"

அவன் தரையைப் பார்த்தான். தொட்டிலிலிருந்து பின்படிக்கு ஈரக் காலடிகள் போயின. பெண்ணின் காலடி. நிதானமாக, அவசரமில்லாமல், சொந்த வீட்டில் நடக்கிறவள்போல.

அதன் பக்கத்தில் இன்னொரு சோடி போனது. கட்டைவிரல் அளவு. அது முதல் பலகையில் தடுமாறியிருந்தது. இரண்டாவதில் நேரானது. கடைசிப் படியில், தண்ணீர் தொடங்குகிற இடத்தில், நன்றாக ஊன்றி நடந்திருந்தது.